நாளைய சாகச அரங்கு

வெள்ளித்திரையில் கதாநாயகன் மாடியிலிருந்து குதிக்கும்போது கைதட்டி மகிழ்கிறோம். உண்மையில் குதித்தவர் வேறொருவர் என்பதை மறந்துவிடுகிறோம். என் பெரியப்பா மகன் அவ்வாறு குதிக்கும் சண்டைக் கலைஞர்களுள் ஒருவர். ஒரு படப்பிடிப்பில் கால் முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். "ஒரு தடவைதானே தம்பி, சமாளிச்சிடலாம்னு குதிச்சிட்டேன்" என்றார். அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

எங்கள் இயற்பியல் மன்றக் கண்காட்சிக்காக, எதிர்கால உலகைக் காட்டும் சாகச அரங்கு ஒன்றை மாதிரியாக அமைக்க முற்பட்டேன். கேளிக்கைப் பூங்காக்களில் இத்தகைய காட்சிகள் மக்கள் கண்ணெதிரே நேரடியாக நடைபெறுகின்றன. திரைப்படத்தில் ஒருமுறை குதித்தால் போதும். பூங்காவிலோ நாள்தோறும் பலமுறை குதித்தாக வேண்டும். நாளைக்கு 5 காட்சிகள், ஆண்டுக்கு 300 நாட்கள் எனக் கொண்டால் 1,500 முறை! நூற்றுக்கு 99 முறை தவறாத சாகசம் என்றாலும் ஆண்டுக்கு 15 விபத்துகள் நேரும். ஆகவே 'சமாளித்துவிடலாம்' என்பதற்கு இங்கே இடமே இல்லை.

முன்னோடி

அமெரிக்காவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஹாலிவுட் பூங்காவில் 1995-ஆம் ஆண்டு 'வாட்டர்வேர்ல்டு' என்னும் காட்சி தொடங்கியது. அதே ஆண்டில் வெளிவந்த, அதே பெயருடைய திரைப்படத்தைத் தழுவியது அது. துருவப் பனி உருகி, நிலமெல்லாம் கடலுள் மூழ்கிய எதிர்காலமே கதைக்களம். நீர்நிலையைச் சுற்றி அமைந்த அரங்கில் விசைப்படகுகள் சீறிப் பாய்கின்றன, தீப்பிழம்புகள் எழுகின்றன, கடல் விமானம் ஒன்று மதிலைத் தாண்டி வந்து நீரில் விழுகிறது. பின்னர் 2001-இல் ஜப்பானின் ஒசாகாவிலும், 2010-இல் சிங்கப்பூரிலும் இக்காட்சி அமைக்கப்பட்டது.

வீழ்ச்சியின் கணக்கு

10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் ஏறத்தாழ 1.4 வினாடியில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறார். கட்டாந்தரையில் 10 சென்டிமீட்டருக்குள் அவர் நிறுத்தப்பட்டால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 100 மடங்கு. காற்று மெத்தையில் 2 மீட்டர் அமிழ்ந்து நின்றால் 5 மடங்கே. பார்ப்பவர் கண் உயரத்தை அளக்கிறது. கலைஞரின் எலும்போ நிற்கும் தூரத்தை அளக்கிறது!

எந்திர மனிதன்

கலிபோர்னியாவின் டிஸ்னி பூங்காவில் 2021-ஆம் ஆண்டு முதல் இன்னொரு வழி காட்டப்பட்டது. ஸ்பைடர்மேன் உருவிலான எந்திரம் கம்பியில் ஊசலாடி, பிடிவிட்டு, ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் கரணமடித்துக் கட்டடத்தின் பின்னே வலையில் விழுந்தது. உடனே அதே உடையணிந்த மனிதர் சுவரில் தோன்றினார். உடலைக் குறுக்கினால் நிலைமத் திருப்புத்திறன் குறையும். கோண உந்தம் மாறாதாகையால் சுழற்சி விரையும். கைகால்களை விரித்தால் சுழற்சி தணியும். நாம் வகுப்பில் படிக்கும் விதியே அங்கே வித்தையானது.

என் மாதிரி

விண்வெளித் துறைமுகம் ஒன்று தாக்கப்படுவதாகக் கதை அமைத்தேன். விதிகள் நான்கு. ஒன்று, மொழி அறியாதவரும் கண்ணால் பார்த்தே கதையை உணர வேண்டும். இரண்டு, மிக உயரமான பாய்ச்சல் எந்திரத்துக்கே உரியது. மூன்று, கலைஞர் தம் இடத்தில் நின்று தம் கையாலேயே பொத்தானை அழுத்தினாலன்றி வெடி வெடிக்கலாகாது, தளம் நகரலாகாது. நான்கு, எந்தச் சாகசத்தை நீக்கினாலும் கதை தடையின்றிச் செல்ல மாற்றுக் காட்சி இருக்க வேண்டும்.

மாதிரியை அண்ணனிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "எல்லாம் சரி தம்பி. ஒருநாள் மனசு சரியில்லாம நான் பொத்தானை அழுத்தலேன்னா அன்னிக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டார்.

இயற்பியலில் அதற்கு விடை இல்லை. ஆயினும் அந்த விடை இல்லாமல் மூன்றாம் விதிக்குப் பொருளில்லை என்பதை உணர்ந்தேன். கூலி போகும் என்று அஞ்சுபவர் பொத்தானை அழுத்தியே தீருவார். எனவே ஐந்தாவது விதியையும் எழுதிச் சேர்த்தேன்: 'அழுத்தாத நாளுக்கும் ஊதியம் உண்டு.'

அச்சம் பார்ப்பவருக்கு மட்டுமே இருக்கட்டும், செய்பவருக்கு வேண்டாம். நாளைய அரங்கை அமைக்கப்போகும் நண்பர்கள் இதை நினைவில் கொள்வார்களாக!