பெல்ட் சாண்டரை அழுத்தாதீர்கள்

மரப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர் கையில் உளியைக் கொடுக்கத் தயங்குவார்கள். பெல்ட் சாண்டரைச் சட்டென்று நீட்டிவிடுவார்கள். தேய்க்கிற வேலைதானே என்ற நினைப்பு. ஆனால் ஒரு நல்ல பலகையை நொடியில் கெடுக்க இதைவிடத் தோதான கருவி கிடையாது. ஓடுகிற பெல்ட் ஒரே இடத்தில் நின்றால் பள்ளம் விழும். பாலிஷ் ஏறிய பிறகுதான் அது பல்லைக் காட்டும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு பக்கத்து லீவரை இழுத்தால் உருளை தளர்ந்து பழைய பெல்ட் கழன்று வரும். மூன்று அங்குல மெஷினுக்குப் பெரும்பாலும் 75 x 533 மி.மீ., நான்கு அங்குலத்துக்கு 100 x 610. கடைக்குப் போகுமுன் உங்கள் மெஷினின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் உட்புறத்தில் அம்புக்குறி இருந்தால், அது ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் பெல்ட்டின் ஒட்டு மரத்தில் இடறிக் கிழியும்.

மீண்டும் பிளக்கைச் செருகுமுன் சுவிட்சின் லாக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால், செருகியதுமே மெஷின் மேசையை விட்டுக் கிளம்பிவிடும்.

அடுத்தது ஓட்டம் சரிசெய்வது. மெஷினைத் தூக்கிப் பிடித்து ஒரு கணம் ஓடவிடுங்கள். பெல்ட் வெளியே நழுவினாலோ உள்ளே ஒதுங்கி மெஷினின் உடம்பில் உரசினாலோ, பக்கத்துத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். பெல்ட்டின் விளிம்பும் உருளையின் விளிம்பும் ஒரே கோட்டில் நின்றால் போதும். சூடேறியதும் பெல்ட் மறுபடி நகரும். வேலைக்கு நடுவிலும் ஒரு கண் அதன்மேல் இருக்கட்டும்.

பலகையை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வயரைத் தோளுக்குப் பின்னால் போடுங்கள். தோளில் கிடக்கும் துண்டை மட்டும் கழற்றி வையுங்கள். பலகையின் குறுக்கே பென்சிலால் கோடுகள் இழுத்துக்கொள்வது என் பழக்கம். ஓடவிட்ட பிறகே மெஷினை இறக்க வேண்டும். நிறுத்துமுன் தூக்கிவிட வேண்டும். மரத்தின் ரேகை போகிற வாக்கில், முந்தைய தடத்தைப் பாதி தொட்டபடி நகர்த்துங்கள். கோடுகள் எல்லாம் ஒரே சீராக மறைந்தால் பலகை மட்டமாகிறது என்று அர்த்தம். ஒரு கோடு மட்டும் நிற்கிறதா? அங்கே தாழ்வு. அந்த இடத்தையே போட்டுத் தேய்க்காமல் சுற்றிலும் இறக்குங்கள்.

பழகிய நாட்களில் நான் ஒரு தேக்கு வினீர் மேசையை அழுத்தித் தேய்த்து, உள்ளிருந்த பிளைவுட்டை வெளியே கொண்டுவந்தேன். "மெஷினுக்கே எடை இருக்கு தம்பி, உன் எடையை யாரு கேட்டா?" என்றார் ஆசாரி. வினீர் பல சமயம் அரை மி.மீ. கனம்கூட இராது. அதற்கு இந்த மெஷினே வேண்டாம். கையால் உப்புத்தாள் போடுங்கள்.

80-ஆம் நம்பர் பெல்ட்டில் தொடங்கி 120-இல் முடிப்பது சாதாரண பலகைக்குப் போதும். பெல்ட்டில் தூள் அப்பினால் கிரேப் ரப்பர்க் கட்டியை ஓடும் பெல்ட்டில் காட்டுங்கள்; உரிந்து வந்துவிடும்.

மாஸ்க் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே சேர்த்துவிட்டது. இன்னொன்று: பழைய மரத்தில் மறைந்திருக்கும் ஆணியில் பெல்ட் பட்டால் பொறி பறக்கும். அது தூள் பைக்குள் போனால் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பையை வெளியே கொட்டிவிட்டுப் பட்டறையைப் பூட்டுங்கள்.