திடீர்ப் புகழும் பதின்பருவக் காதலும்: வசை சூழும்போது

பதின்பருவக் காதலர் இருவரின் காணொளி எதிர்பாராமல் பரவும்போது, முன்பின் அறியாத பலர் திரண்டு வசைபாடி மிரட்டும் இணையவழித் துன்புறுத்தலும் உடன்வரக்கூடும். 2011இல், 13 வயதில், ‘ஃப்ரைடே’ பாடலால் உலகறிந்த அமெரிக்கச் சிறுமி ரெபெக்கா பிளாக்குக்குக் கொலை மிரட்டல்களே வந்தன.

வசைக்கு மறுமொழி எழுதாமல், அதன் இணைப்பு முகவரி, தேதி, திரைப்பிடிப்பு ஆகியவற்றைச் சேமித்த பின்னரே வசைபாடியவரின் கணக்கைத் தடுக்க வேண்டும். முதலிலேயே அழித்துவிட்டால் புகாருக்குச் சான்று மிஞ்சாது. ஆனால் 18 வயது நிறையாதவரின் அந்தரங்கப் படம் பரவினால், அதைச் சேமிப்பதும் பகிர்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றமாகலாம் என்பதால், முகவரியை மட்டும் குறித்துக்கொள்வதே சரி. ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவை, படத்தைப் பெறாமலேயே அதன் எண்முறைக் கைரேகையைக் கொண்டு, தன்னுடன் இணைந்த தளங்களில் அதைக் கண்டறிந்து நீக்க உதவுகிறது.

காதலின் அடையாளமாகக் கடவுச்சொல்லைப் பகிர்ந்திருந்தால் உடனே மாற்றுவது நல்லது. பெற்றோர் காதலைக் கண்டித்துக் கைபேசியைப் பறித்தால், அடுத்த மிரட்டலைப் பிள்ளை மறைத்துவிடும். ஆகவே முதலில் பாதுகாப்பு, பேச்செல்லாம் பிறகு. இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றப் புகாருக்கு 1930.