ரேணிகுண்டாவில் நியூட்டன்

நம் பிள்ளைகளில் பலர் சித்தூரிலும் திருப்பதியிலும் தெலுங்கு வழியில் படிக்கிறார்கள். பள்ளியில் அவர்கள் ‘பலம், திரவியராசி, த்வரணம்’ என்று படிப்பதைத்தான் தமிழில் விசை, நிறை, முடுக்கம் என்கிறோம். விசை = நிறை × முடுக்கம். இது நியூட்டன் 1687-இல் வெளியிட்ட இரண்டாம் விதி.

ரயில்வேயில் பொறியாளனாக இருந்த எனக்கு, இதை விளக்க ரேணிகுண்டா சந்திப்பைவிட நல்ல கரும்பலகை தெரியாது.

முதலில் ஒன்று. முடுக்கம் என்பது வேகம் அல்ல. வேகம் ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு கூடுகிறது என்பதே முடுக்கம். பெரியவர்களும் இதில் தடுமாறுவதுண்டு.

டபிள்யூ.ஏ.பி.-7 என்ஜின் புறப்படும்போது சுமார் 322 கிலோநியூட்டன் விசையோடு இழுக்கும். 24 பெட்டிகளும் என்ஜினும் சேர்ந்து சுமார் 1,300 டன். கிலோநியூட்டனை டன்னால் வகுத்தால் முடுக்கம் நேராகக் கிடைத்துவிடும்: 0.25. அதாவது வினாடிக்கு வினாடி கால் மீட்டர் வேகம் கூடும். தடைகளை விட்டுவிட்டால், ஒரு நிமிடத்தில் மணிக்கு 54 கிலோமீட்டர்.

சரக்கு ரயிலை இழுக்கும் டபிள்யூ.ஏ.ஜி.-9 இதற்கு அண்ணன். பல்சக்கர விகிதத்தை மாற்றித்தான் தம்பியை உருவாக்கினார்கள். அண்ணனின் விசை சுமார் 460. ஆனால் நிலக்கரி ஏற்றிய 58 வேகன்களோடு மொத்த நிறை சுமார் 4,800 டன். முடுக்கம் 0.1கூட இல்லை, அதே ஒரு நிமிடத்தில் 20 கிலோமீட்டர் வேகம்தான். விசை கூடியும், நிறை அதைவிடக் கூடியதால் முடுக்கம் குறைந்துவிட்டது. காலி வேகன்களானால் மொத்தம் சுமார் 1,400 டன். முடுக்கம் எவ்வளவு என்று பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும்.

நிறுத்துவதற்கும் இதே விதிதான். பிரேக் ஒவ்வொரு பெட்டியிலும் உண்டு. ஆனால் தார்ச்சாலையில் ரப்பர் டயருக்கு உள்ள பிடிப்பு, தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குக் கிடையாது. பிரேக்கை மேலும் அழுத்தினால் சக்கரம் சுழலாமல் சறுக்கும். எனவே நிறுத்தும் விசைக்கு ஓர் எல்லை உண்டு.

மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் ரயிலின் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் வீதம் குறைவதாகக் கொள்வோம். நிற்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் 930 மீட்டர் கடந்திருக்கும். மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து சைக்கிளோடு நுழைபவரை டிரைவர் 300 மீட்டருக்கு முன்பே பார்த்து, அந்தக் கணமே பிரேக் போட்டாலும், அவர் நிற்கும் இடத்தை ரயில் அடையும்போது அதன் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் இருக்கும்.