வேலியே பயிரை மேய்ந்தால்…

பினாங்குத் தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளை ஏறி முடித்தவருக்கு நெஞ்சு படபடப்பதும் வியர்வை வழிவதும் இயல்பே. ஆனால், அமர்ந்திருக்கும்போதே இதயம் வேகமாகத் துடித்தால்? வயிறார உண்டும் உடல் மெலிந்தால்? கைவிரல்கள் நடுங்கினால்? ஜார்ஜ்டவுன் வெயிலையோ தேர்வுப் பதற்றத்தையோ காரணம் காட்டி இவற்றைப் புறக்கணித்துவிடக் கூடாது. தைராய்டுச் சுரப்பி அளவுக்கு மீறிச் செயல்படுவதற்கான அறிகுறிகளாகவும் இவை இருக்கலாம்.

கழுத்தின் முன்புறத்தில் பட்டாம்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டு, உடல் ஆற்றலைச் செலவிடும் வேகத்தை ஒழுங்குபடுத்துகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியே அதற்கு மேற்பார்வையாளர். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி அதனைத் தூண்டும். மிகுந்தால் தூண்டுதலைக் குறைத்துக்கொள்ளும்.

சிலருக்கு இக்கட்டுப்பாடு குலைந்துவிடுகிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், தவறுதலாகத் தைராய்டைக் குறிவைத்து எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. பிட்யூட்டரியின் தூண்டுதல் வந்துசேரும் அதே இடத்தில் அவை ஒட்டிக்கொண்டு, சுரப்பியை ஓயாமல் இயக்குகின்றன. பிட்யூட்டரி அடங்கினாலும் தைராய்டு அடங்குவதில்லை. வேலியே பயிரை மேய்ந்தாற்போல, காவலே பகையாகும் இத்தகைய நோய்களைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்பர். 1835ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்த அயர்லாந்து மருத்துவர் இராபர்ட் கிரேவ்ஸின் பெயரால் இது ‘கிரேவ்ஸ் நோய்’ எனப்படுகிறது.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. சிலருக்குக் கழுத்து வீங்கும்; கண்கள் பிதுங்கித் தோன்றும். புகைப்பழக்கம் கண் பாதிப்பை மேலும் கடுமையாக்கும். சிகிச்சை பெறாவிட்டால் இதயத் துடிப்பு சீர்குலையலாம், எலும்புகளும் வலுவிழக்கலாம்.

எனினும், அஞ்சத் தேவையில்லை. எளிய இரத்தப் பரிசோதனையே சுரப்பியின் நிலையைக் காட்டிவிடும். பிட்யூட்டரியின் தூண்டு ஹார்மோன் குறைந்தும் தைராய்டு ஹார்மோன் மிகுந்தும் இருந்தால், மருத்துவர் எதிர்ப்பொருள்களையும் சோதிப்பார். கார்பிமசோல் போன்ற மாத்திரைகள், கதிரியக்க அயோடின், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுள் நோயாளிக்கு ஏற்றதை அவர் பரிந்துரைப்பார். மாத்திரைகளைப் பல மாதங்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருக்கும். உடல் தேறியதும் அவற்றைத் தாமாக நிறுத்துவது தவறு.

மாணவர்களே, உங்கள் தோழி திடீரென மெலிந்து, எதற்கெடுத்தாலும் எரிச்சலடைந்தால் அவளைக் கேலி செய்யாதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறி, கிளினிக்கிற்குச் செல்லத் துணைநில்லுங்கள். உரிய வேளையில் காட்டும் அக்கறை, பெருந்துன்பத்தைத் தடுக்கக்கூடும்.