மரம் நடுதலும் காடு மீட்டலும்

ஜூன் மாதம் வந்துவிட்டால், நீலசந்திரா கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு: “மரம் நட நன்கொடை கேட்கிறார்கள், கொடுக்கலாமா?” தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அப்பணியை மதிப்பிடலாகாது. இதை விளக்க வால்பாறையைவிட நல்ல பாடம் அரிது.

கோவை மாவட்டத்தில், ஆனைமலைத் தொடரின்மேல் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த பீடபூமி வால்பாறை. 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி, அங்கிருந்த மழைக்காடு தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டது. எஞ்சியவை, தோட்டங்களுக்கு நடுவே தீவுகளைப் போல் நிற்கும் சிறு காட்டுத்துண்டுகள். அவற்றிலும் பலவற்றை உண்ணிச்செடி மூடிவிட்டது. சோலைமந்தியும் இருவாச்சியும் இன்றும் இத்துண்டுகளை நாடி வருகின்றன.

மைசூருவில் 1996இல் தோன்றிய நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, 2000ஆம் ஆண்டையொட்டி இங்கு மீட்புப் பணியைத் தொடங்கியது. ஆய்வாளர்கள் திவ்யா முடப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் முன்னின்றனர். நிலம் தோட்ட நிறுவனங்களுடையது; ஆகவே அவற்றின் ஒத்துழைப்பே முதற்படியாயிற்று.

பணியின் முறை கவனிக்கத்தக்கது. சாலையோரங்களில் விழுந்து வீணாகும் காட்டு மர விதைகளைத் திரட்டி, நாற்றங்காலில் வளர்க்கின்றனர். மீட்கவேண்டிய இடத்தில் உண்ணிச்செடியை அகற்றுகின்றனர். தானாக முளைத்திருக்கும் மண்ணின் கன்றுகளை விட்டுவைக்கின்றனர். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வெடிப்பலா முதலான பல இனங்களைக் கலந்து நடுகின்றனர். பின்னர் ஆண்டுதோறும் களையெடுத்து, பிழைத்தவற்றைக் கணக்கெடுக்கின்றனர். ஒரே இனத்தை வரிசையாக நட்டால் தோப்பு உண்டாகும், காடு உண்டாகாது.

பலன் என்ன? மீட்கப்பட்டு 7 முதல் 15 ஆண்டுகளான இடங்களை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று விடை தருகிறது. தாமாக மீளட்டும் என விடப்பட்ட இடங்களைவிட, இவற்றில் மர இனங்களும் மரங்களில் சேர்ந்த கரிமமும் மிகுதி. எனினும் பழங்காட்டின் நிலையை இவை இன்னும் எட்டவில்லை. நூறாண்டுகளில் இழந்ததைப் பத்தாண்டுகளில் ஈட்ட இயலாது என்பதே இதன் பொருள். மீட்பதினும் இருப்பதைக் காப்பது எளிது என்பதும் இதனுள் அடங்கும்.

நன்கொடை அளிக்குமுன் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு:

1. நடப்படுபவை அவ்விடத்துக்கே உரிய இனங்களா?
2. நிலம் யாருடையது? உரியவரின் இசைவு உண்டா?
3. நட்டபின் எத்தனை ஆண்டுகள் பராமரிப்பார்கள்?
4. பிழைத்த கன்றுகளின் கணக்கை வெளியிடுகிறார்களா?

இவற்றோடு அமைப்பின் பதிவையும், வரிவிலக்குக்கான அனுமதியையும் சரிபார்த்து, காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் மூலமே தொகையைச் செலுத்துக. இரசீதைத் தவறாமல் பெறுக. ஒருமுறை பெருந்தொகை தருவதினும், ஆண்டுதோறும் சிறுதொகை தருவது இத்தகைய பணிக்கு உகந்தது. கன்றுக்கு நடும் நாளைவிட, அதன்பின் வரும் ஆண்டுகளிலேதான் நம் துணை மிகுதியும் தேவை.