படகு எஞ்சின் மக்கர் செய்கிறதா?

மெர்சிங், குக்குப் பக்கம் மீன்பிடிக்கக் கிளம்புகிறவர்களே, மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் கரையிலேயே இவற்றைப் பாருங்கள்.

1. கியரை நியூட்ரலில் வையுங்கள். சிவப்பு அவசரக் கயிற்றின் கிளிப்பைச் சரியாக மாட்டுங்கள். கிளிப் கழன்றிருந்தால் எஞ்சின் எழாது.

2. பெட்ரோல் தொட்டி மூடியின் காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். சிறிது தூரம் ஓடி நிற்கும் எஞ்சினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வெளியே வராது.

3. குழாயிலுள்ள ரப்பர்க் குமிழைக் கெட்டியாகும்வரை அமுக்குங்கள். தொட்டியில் பெட்ரோல் இருந்தும் கெட்டியாகவில்லையென்றால், எங்கோ காற்று கசியக்கூடும்.

4. வடகிழக்குப் பருவமழையில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த படகா? வடிகட்டியில் இருப்பதைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கி, நடுவே கோடு தெரியும். அந்தப் பெட்ரோலை மாற்றியே ஆக வேண்டும்.

5. ஸ்பார்க் பிளக் நனைந்திருந்தால் துடைத்துக் காயவைத்து, சோக் போடாமல் முயலுங்கள். பெட்ரோல் மிகுந்தாலும் பொறி பிடிக்காது.

6. பேட்டரி முனையில் பூத்த உப்பைச் சுரண்டி, இறுக்குங்கள்.

அப்படியும் அடம்பிடித்தால் அன்று கடலுக்குப் போகாதீர்கள். நடுக்கடலில் நின்றுவிட்டால் உயிர்காப்புச் சட்டையை அணிந்து, நங்கூரம் போட்டு, 999-ஐ அழையுங்கள்.