வெளிச்சுவரில் கேஸ் ஹீட்டர்: துருவை விடக் கூரையைக் கவனியுங்கள்

கேள்வி: ஆயர் ஈத்தாமில், மலையடிவாரத்தில், பழைய இரண்டு மாடி தெரஸ் வீட்டில் குடியிருக்கிறோம். பக்கவாதம் வந்து தேறிவரும் என் மாமியாருக்குத் தினமும் வெந்நீர்க் குளியல்தான். கீழே ஒன்றும் மாடியில் ஒன்றுமாக இரண்டு குளியலறைகள். இரண்டுக்கும் சேர்த்து, சமையலறையின் பின்சுவரில் வெளியே மாட்டும் கேஸ் ஹீட்டர் ஒன்று வாங்கலாம் என்கிறார் கணவர். "இந்த ஈரக்காற்றில் இரண்டே வருடத்தில் துருப்பிடித்துவிடும்" என்கிறார்கள் பக்கத்து வீட்டில். பின்கட்டுக்கு முன்பே கூரை போட்டுவிட்டோம், மழைச்சாரல் அதிகம் படாது. கடைக்காரர் 16 லிட்டர் ஹீட்டரைச் சிபாரிசு செய்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: வாங்கலாம். ஆனால் துருவை விட, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் "கூரை போட்டுவிட்டோம்" என்ற வரிதான் எனக்குக் கவலை தருகிறது. அதை முதலில் பேசிவிடுவோம்.

ஆயர் ஈத்தாம், ஃபார்லிம், பாயா தெருபோங் பக்கத்துப் பின்சந்துகளில் நடந்து பாருங்கள். வீடு கட்டியபோது திறந்த வெளியாக இருந்த பின்கட்டு எத்தனை வீடுகளில் அப்படியே இருக்கிறது? முதலில் ஒரு தகரக் கூரை, அடுத்து இரும்புக் கம்பிக் கதவு, பிறகு மார்பளவுச் சுவர், கடைசியில் அதன்மேல் கண்ணாடி. சமையலறை ஒரு சுற்றுப் பெரிதாகிவிடுகிறது. சுவரில் இருந்த ஹீட்டர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெளியில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஹீட்டர், உண்மையில் வீட்டுக்குள் வந்துவிட்டது.

வெளிச்சுவருக்கென்றே செய்த ஹீட்டருக்குப் புகைக்குழாய் கிடையாது. எரிந்த புகையை முகப்பில் உள்ள வாய் வழியாக நேரே காற்றில் விடும். சுற்றிலும் திறந்த வெளி இருக்கும் என்ற நம்பிக்கையில் அமைத்த கருவி அது. அதை அடைத்த இடத்தில் எரியவிட்டால், தான் விட்ட புகையையே திரும்ப இழுத்து எரியும். ஆக்சிஜன் குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேஸ் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, கசிவைக் காட்டிக்கொடுப்பதற்காகவே சேர்க்கப்படுவது. தீயில் அதுவும் எரிந்துபோவதால் புகையில் எச்சரிக்கையே இருக்காது. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைப்போல் 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். வயதானவர்கள் இரத்த அழுத்தம் என்றோ பித்தம் என்றோ நினைத்துப் படுத்துவிடுவார்கள். இந்தியாவில் சின்னக் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டி, குளிக்கப் போனவர்கள் மயங்கி விழுந்தும் வலிப்பு வந்தும் இறந்தும் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் தனித் தலைப்பாகவே பதிவாகியிருக்கின்றன.

ஆகவே, ஹீட்டர் வரும் இடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். வானம் தெரிய வேண்டும். கூரையைக் கழற்ற மனமில்லை என்றால், ஹீட்டருக்கு மேலே உள்ள பகுதியையாவது திறந்துவிட்டு, பின்சந்தைப் பார்த்த பக்கத்தைக் கண்ணாடியோ பலகையோ இல்லாமல் வெறும் கம்பியாக வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் கேஸ் ஹீட்டர் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மாடிக் குளியலறையின் சன்னல் ஹீட்டருக்கு நேர் மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள். சூடான புகை மேலேறிச் சன்னல் வழியே நுழையும். கருவியோடு வரும் கையேட்டில் இடைவெளி குறித்திருப்பார்கள்; மேலே சன்னல் இருந்தால் ஒன்றரை மீட்டருக்குக் குறைய நான் சம்மதிக்கமாட்டேன். மழைக்கு அஞ்சித் தகரப் பெட்டி செய்து மூடவே வேண்டாம். உறையில் ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கு மேற்பட்ட தரக்குறி இருந்தால் சாரலைத் தாங்கும்.

இனி ஈரப்பதம். ஆயர் ஈத்தாம் பள்ளத்தாக்கில் காலைக் காற்று ஈரத்தில் ஊறித்தான் இருக்கும்; பினாங்குக் கொடிமலையிலிருந்து மாலையில் மூட்டம் இறங்கும். ஆனால் கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உப்பில்லாத வெறும் ஈரம், வண்ணம் பூசிய தகட்டை இரண்டு வருடத்தில் தின்றுவிடாது. ஹீட்டரைக் கெடுக்கும் ஈரம் பெரும்பாலும் அதன் உள்ளேயே பிறக்கிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். வெப்பம் வாங்கும் செப்புத் தகடுகள் ஏறக்குறைய 50 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்த நீராவி அவற்றின்மேலேயே வியர்க்கும். அந்த வியர்வையில் அமிலம் இருக்கும். செம்பு பச்சை பூத்து, பொடி உதிர்ந்து, தகடுகளின் இடைவெளியை அடைக்கும். புகை போக வழியில்லாதபோது எரிப்பும் கெடும். கூரையைப் பற்றிச் சொன்ன அதே ஆபத்துக்கு இது இன்னொரு வழி.

வியர்ப்பது எப்போது? தேவைக்கு மிஞ்சிய பெரிய ஹீட்டரைச் சிறு தீயில் ஓட்டும்போது. அதனால்தான் 16 லிட்டர் வேண்டாம் என்கிறேன். "10 லிட்டர்" என்பது, தண்ணீரை 25 டிகிரி கூடுதலாகச் சூடாக்கி நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் என்று பொருள். குளிர்காலத்தில் 5 டிகிரித் தண்ணீர் வரும் ஜப்பானுக்கு 16 லிட்டர் திறன் தேவை. நம் குழாயில் வருவது 27, 28 டிகிரி. குளிக்க 40 போதும். ஏற்ற வேண்டியது 12, 13 டிகிரிதான். எனவே 10 லிட்டர் ஹீட்டரே நம் ஊரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் தரும். இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் குளித்தாலும் 12 லிட்டருக்கு மேல் செலவாகாது. வெளிச்சுவர் வகையில் கிடைப்பதிலேயே சிறியதை வாங்குங்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி, அதிகபட்சத் திறன் என்ன என்பதல்ல, தீயை எவ்வளவு குறைக்க முடியும் என்பது. குறைந்தபட்சத் திறன் எத்தனை கிலோவாட் என்று விவரத்தாளில் இருக்கும். அந்த எண் சிறியதாக இருந்தால்தான் தண்ணீரை மெல்லத் திறந்தாலும் கொதிக்காமல் வரும். 16 லிட்டர் ஹீட்டர் முழுத் தீயில் மணிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கேஸ் இழுக்கும். ஒற்றைத் தோம்பு அதற்கு ஈடுகொடுக்காமல் புறத்தே பனி படர்ந்து தீ தளரும்.

செலவு அதிகமில்லை. ஒருவர் பத்து நிமிடம் குளிக்க 80 கிராம் அளவுக்கு எரியும். 14 கிலோ தோம்பு உதவித்தொகை விலையில் 26 ரிங்கிட் 60 சென் என்றால், ஒரு குளியலுக்கு 15, 16 சென். நான்கு பேர் தினம் ஒருமுறை குளித்தால் தோம்பு ஒரு மாதத்தைத் தாண்டும்.

தண்ணீர் அழுத்தத்தைக் கடைக்காரர் கேட்டாரா? உங்கள் தொட்டி கூரைக்கு அடியில்தான் இருக்கும். கீழ்க் குளியலறைக்கு அதன் உயரம் போதலாம். மாடிக் குளியலறைக்கு ஒரு மீட்டர் உயரம்தான் தேறும். அந்த அழுத்தத்தில் பல ஹீட்டர்கள் பற்றவே பற்றாது. சிறிய பம்பு ஒன்று தேவைப்படும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். வெந்நீர் போகும் வழியில் சாதாரண பிவிசி குழாய் கூடாது.

தோம்பை எங்கே வைப்பது என்பதிலும் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பின்சுவரை ஒட்டியே சாக்கடை ஓடும். சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு வழிந்து சாக்கடைக்குள் இறங்கித் தங்கும். தோம்பை நிமிர்த்தி, சிமெண்டு மேடையில், சாக்கடையிலிருந்து தள்ளி வையுங்கள். குழாய்ப்பணியை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற கேஸ் ஒப்பந்தக்காரரிடமே கொடுங்கள். ஹீட்டரிலும் ஆணையத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாமியாருக்காக ஒன்று. பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒரு பக்கம் சூடு உறைக்காமல் போகலாம். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தே விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். வெப்பத்தை எண்ணில் நிறுத்தி வைக்கும் வகையை வாங்கி, 40-இல் பூட்டிவிடுங்கள். குளிப்பாட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் தம் முழங்கையில் தண்ணீரை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றட்டும்.

வருடம் ஒருமுறை மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். அடித்தட்டில் பச்சைப் பொடி கிடக்கிறதா? தகடுகளுக்கு நடுவே கரி இருக்கிறதா? பர்னர் குழல்களின் வாயில் சின்னச் சிலந்திகள் நூல் பின்னியிருக்கும், குளவி மண்ணப்பியிருக்கும். மின்பலகையின் கதகதப்புக்குப் பல்லி வந்து முட்டையிட்டிருக்கும். தீ நீலமாய், கூராய், விறைப்பாய் நிற்க வேண்டும். மஞ்சளாய்ச் சோம்பி நெளிந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

மாமியார் ஒருவருக்கு மட்டும், கீழ்க் குளியலறையில் மட்டும் போதும் என்றால் மின்சார ஹீட்டரே எளிது. அதற்கென்று தனி இணைப்பும், 10 மில்லியாம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுக் கருவியும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: பத்து பெரிங்கியில் கடலைப் பார்த்த அடுக்குமாடி. பால்கனி ஹீட்டரின் அடிப்பகுதி அரித்துவிட்டது. தீயிலும் ஆரஞ்சுப் பொறி தெரிகிறது. ஆபத்தா?
– ஒரு வாசகர், பத்து பெரிங்கி

பதில்: உங்களுடையது வேறு கதை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையும். பினாங்கில் இரவு முழுவதும் அதற்கு மேல்தான். ஹீட்டர்மேல் படிந்த உப்பு விடியும்வரை ஈரமாகவே கிடந்து அரிக்கிறது. கேஸை மூடி, ஹீட்டர் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் வாரம் ஒருமுறை உறையைத் துடையுங்கள். மழை படாத அடிப்பகுதியும் பின்பக்கமும்தான் முதலில் போகும், அங்கே கை போகட்டும். திருகாணிகளை 316 தரத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றுங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் சுரண்டிவிடுங்கள். பற்றாமல் டிக் டிக் என்று மட்டும் கேட்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

நீலத் தீக்குள் மின்னி மறையும் ஆரஞ்சுப் பொறி காற்றில் வரும் உப்பும் தூசியும். அதற்கு அஞ்ச வேண்டாம். தீ முழுதும் மஞ்சளாகி நுனி நீண்டால், உறையில் கரி படிந்தால், அது வேறு, பயன்படுத்தாதீர்கள். அரிப்பு ஓட்டையாகியிருந்தால் ஒட்டுப்போட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: குளித்துக்கொண்டிருக்கும்போதே ஹீட்டர் அடிக்கடி அணைகிறது. "சென்சாரை நேராக இணைத்துவிட்டால் சரியாகிவிடும், ஐம்பது ரிங்கிட்" என்கிறார் பழுதுபார்ப்பவர். செய்யலாமா?
– ஒரு வாசகி, ஜெலுத்தோங்

பதில்: கூடவே கூடாது. ஜப்பானில் 1985-க்கும் 2005-க்கும் இடையில் ஒரே வகை ஹீட்டரில் 28 விபத்துகள் நடந்து 21 பேர் இறந்தார்கள். 2006-இல்தான் விவரம் வெளிவந்தது. புகையை வெளியேற்றும் விசிறி நின்றால் தீயையும் நிறுத்த வேண்டிய பாதுகாப்புச் சுற்றை, அடிக்கடி அணைகிறதே என்று பழுதுபார்த்தவர்கள் கம்பி மாற்றி இணைத்துவிட்டிருந்தார்கள். உங்கள் ஹீட்டர் அணைவதற்குக் காரணம் இருக்கிறது: அடைந்த தகடாகவோ, காற்றில்லாத இடமாகவோ, தேய்ந்த பேட்டரியாகவோ இருக்கலாம். கேஸ் வால்வை மூடிவிட்டு, பதிவுபெற்ற வேறொருவரைக் கூப்பிடுங்கள். முன்பு வந்தவர் எந்தக் கம்பியையாவது தொட்டிருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அதுவரை அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளியுங்கள்.